ஆலம்பரை வரை தாங்காத பேட்டரி

கேரவன் பேட்டரி மதியம் மூன்று மணிக்குள் படுத்துவிடும் என்று காலை ஐந்தரைக்கே எனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

கேரவன் என் மனைவி ஜாய்ஸுடையது. மணப்பெண்களுக்கு மேக்கப் போடுவது அவள் தொழில். கல்யாணத்துக்கு முன்னால் ஜோடியைக் கடற்கரைக்கும் கோட்டைக்கும் கூட்டிப்போய்ப் படம் எடுக்கிறார்களே, இப்போது அந்த வேலைதான் அதிகம். ஒரு நாளில் மூன்று புடவை, இரண்டு கவுன். ஒவ்வொன்றுக்கும் தலை வேறு, முகம் வேறு. கடற்கரையில் பெண் எங்கே போய் உடை மாற்றுவாள்? அதற்குத்தான் கேரவன். திருப்போரூரில் ஒருவன் பிரியாணி விற்பதற்காகச் செய்து நாலு மாதத்தில் கைவிட்ட இழுவை வண்டி அது. ஜாய்ஸ் அதை வாங்கி, சுற்றிலும் பல்பு பதித்த கண்ணாடி, சுழல் நாற்காலி, இரண்டு மின்விசிறி, மல்லிகைச் சரம் வாடாமலிருக்க ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் என்று உள்ளே எல்லாம் வைத்தாள். ஜெனரேட்டர் வைத்தால் வீடியோ எடுப்பவன் சத்தம் என்று கத்துவான். அதனால் எல்லாமே இரண்டு பெரிய பேட்டரியில் ஓடும்.

நான் மறைமலை நகர் பக்கம் ஒரு கார் உதிரிபாக ஆலையில் ஒன்பது வருடம் இரவு ஷிப்ட் பார்த்தவன். ஒரு நாள் டீ இடைவேளைக்கு வெளியே வந்தேன், திரும்ப உள்ளே போகவில்லை. வந்த பி.எஃப். பணத்தில் பழைய டீசல் ஜீப் ஒன்று வாங்கினேன். ஜாய்ஸ் கேரவன் வாங்கியபோது அதை இழுப்பது என் வேலையாயிற்று. வேறு வேலை எனக்கு இல்லை.

ஆனால் அந்த வேலையை ஒழுங்காகச் செய்தேன். பேட்டரி முந்தின நாளே வீட்டில் நிறைந்திருக்கும். காலையில் ஒரு இடத்தில் தலை காயவைக்கும் மெஷினும் ஃபேனும் ஓடினால் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அடுத்த இடத்துக்குப் போகிற ஒரு மணி நேர ஓட்டத்தில், இழுக்கிற வண்டியின் என்ஜினோடு சுற்றிக் கரண்டு தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து அது திரும்ப ஏற வேண்டும். அதற்காக ஜீப்பின் பேட்டரியிலிருந்து பின்பக்கம்வரை சுண்டுவிரல் தடிமனில் செம்புக் கேபிள் இழுத்தேன். என்ஜின் ஓடும்போது மட்டும் சேர்க்கிற ரிலே வைத்தேன். இல்லாவிட்டால் நிற்கும்போது கேரவன் ஜீப்பின் பேட்டரியையும் உறிஞ்சிவிடும். பழைய ஜீப் முட்டாள் ஜீப். அதன் ஆல்டர்னேட்டர் எப்போதும் பதினாலு வோல்ட்டுக்கு மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். மாமல்லபுரத்தில் சாய்ந்துபோன பேட்டரி, கடப்பாக்கம் போய்ச் சேரும்போது தேறிவிடும். இத்தனை மாதத்தில் ஒரு நாள்கூட ஜாய்ஸின் கண்ணாடியில் பல்பு அணைந்ததில்லை. இதை யாரும் பாராட்டியதும் இல்லை. அணையாத பல்பை யார் கவனிப்பார்கள்?

கவனித்தது ஜீப்பை. ஒரு ரிசார்ட் வாசலில் காவலாளி என்னை நிறுத்தி, குப்பை வண்டி போகிற பின்வாசல் வழியாக வரச்சொன்னான். அன்றைக்கு அங்கே ஷபானா நின்றிருந்தாள். கல்யாண ஏற்பாடு செய்யும் நிறுவனம் நடத்துகிறவள். அந்த சீசன் முழுக்க, தையிலிருந்து வைகாசி வரைக்கும் தன் மணப்பெண்களையெல்லாம் ஜாய்ஸிடம் கொடுப்பதாகச் சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு நாள் கூடவே இருந்து பார்ப்பாள். அந்த ஒரு நாள் நன்றாக முடிந்தால்தான் மீதி.

அந்த ஒரு நாளைக்கு கேரவனை ஷ்யாம் இழுத்துப்போவான் என்று ஜாய்ஸ் சொன்னாள்.

ஷ்யாம் போட்டோ எடுப்பவன். ஊரப்பாக்கத்தில் ஸ்டுடியோ. எங்களைவிட ஆறேழு வயது சின்னவன். வெள்ளை எஸ்யூவி வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஜாய்ஸ் பிரஷ்ஷைப் பல்லில் கடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் புருவத்தைப் பார்ப்பதைப் படமெடுத்து, நிஜமான ஆர்ட்டிஸ்ட் என்று எழுதிப் போட்டிருந்தான். நாலாயிரம் பேர் அதற்கு இதயம் போட்டிருந்தார்கள். நான் ஐந்தாறு தடவை அதைத் திறந்து பார்த்தேன். பத்து வருடமாக அவள் முகத்தைப் பார்க்கிறேன், அவள் அப்படிப் பிரஷ்ஷைக் கடிப்பாள் என்று எனக்குத் தெரியாது. அவன்மேல் வந்த ஆத்திரத்தில் பாதி அதற்காக.

"நான் ஏன் வரக்கூடாது?" என்று கேட்டேன்.

"நீ மொறைச்சிகினு நிக்கிற மாமா. நீ நின்னாலே பொண்ணு சிரிக்க மாட்டேங்குது" என்றாள் ஜாய்ஸ். "ஒரு நாளு. ஒரே ஒரு நாளு வூட்ல இரு."

சரி என்றேன்.

காலை ஐந்தரைக்கு ஷ்யாம் செங்கல்பட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டு, வாசனையாக. கேரவனை மாட்ட உதவினேன். புது வண்டியின் ஒயரை வெட்டினால் வாரண்டி போய்விடும் என்று பயந்து, பின்விளக்குக்கு என்று கொடுத்திருந்த சாக்கெட்டிலிருந்தே சார்ஜுக்கும் லைன் எடுத்திருந்தான். மெல்லிய ஒயர். அதுவே போதும் கெடுக்க. அதற்கும் மேலே, இந்தப் புது வண்டிகளின் ஆல்டர்னேட்டர் புத்திசாலி. சொந்த பேட்டரி நிறைந்ததும் டீசல் மிச்சம் பிடிக்க வோல்ட்டைக் குறைத்துவிடும். மேல்தொட்டியில் தண்ணீர் மட்டம் இறங்கிவிட்டால் கீழ்த்தொட்டிக்கு எப்படிப் பாயும்? பின்னால் இருக்கிற பேட்டரிக்கு ஒன்றும் வந்து சேராது. வருவதையும் ஃப்ரிட்ஜ் குடித்துவிடும். இதைச் சரிசெய்ய டிசி-டிசி சார்ஜர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. குறைந்த வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும். ஒரு வாரம் முன்னால் சொல்லியிருந்தால் வரவழைத்திருக்கலாம். அந்தக் காலையில் சொல்லியிருந்தால்கூட, ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, மத்தியானம் எங்காவது கரண்டு இருக்கிற இடத்தில் இரண்டு மணி நேரம் நிறுத்தச் சொல்லியிருக்கலாம்.

பிளக்கைச் சொருகியதும் கேரவனுக்குள் பச்சை விளக்கு எரிந்தது. ஜாய்ஸ் எட்டிப்பார்த்து, சார்ஜ் ஏறுகிறது என்று திருப்தியாகச் சொன்னாள். அந்த விளக்கை வைத்தவன் நான். ஒயர் தொட்டிருக்கிறது என்பதை மட்டும்தான் அது சொல்லும். எவ்வளவு ஏறுகிறது என்று அதற்குத் தெரியாது.

எங்கள் ஆலையில் ஷிப்ட் மாறும்போது ஒரு வழக்கம் உண்டு. மெஷினை விட்டுப் போகிறவன், வருகிறவனிடம் அதன் குணத்தை வாயால் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். இடதுபக்க கிளாம்ப் வழுக்குகிறது, எண்ணெய் சூடாகிறது, இப்படி. பதிவேட்டில் எழுதுவது மேனேஜருக்கு. வாயால் சொல்வது அடுத்தவன் விரலுக்கு. கோதண்டராமன் என்று ஒருவனோடு எனக்கு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. ஆனாலும் தினமும் ராத்திரி பத்து மணிக்கு அவன் என் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்து மெஷினின் குணத்தைச் சொல்லிவிட்டுப் போவான். டிரைவர்களிடமும் இது உண்டு. சாவி கை மாறும்போது வண்டியின் கதையும் மாறவேண்டும்.

ஷ்யாமுக்கும் அது தெரிந்திருந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினான்.

"அண்ணாத்த, வண்டி கொணம் இன்னா? எதுனா சொல்லணுமா?"

"ஒண்ணும் இல்ல. நல்லா கீது" என்றேன்.

அவர்கள் போய் எட்டு நிமிடம் கழித்து நான் ஜீப்பை எடுத்தேன்.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம். ஊருக்கு வடக்கே, சவுக்குத் தோப்பு ஓரம் கடற்கரையில் அவர்கள் நிறுத்தியிருந்தார்கள். நான் தள்ளி, கல் செதுக்குகிற பட்டறைகளின் பின்னால் நிறுத்தினேன். அங்கே யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். தலையில்லாத புத்தர் ஏழெட்டு நின்றிருந்தன. அவற்றின் நடுவே நின்று என் மனைவியைப் பார்த்தேன்.

நான் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை. அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. ஷ்யாம் அவளைத் தொடவில்லை, ஒட்டி நிற்கவில்லை. மணப்பெண் சுஜாதா அலையில் கால் வைத்து நிற்க, ஜாய்ஸ் ஓடிப்போய் முந்தானையைச் சரிசெய்வாள்; ஷ்யாம் கையைக் காட்டுவான், அவள் ஒரு எட்டு நகர்வாள். அவன் ஒன்றும் பேசாமலே அவளுக்குப் புரிந்தது. ஒரு தடவை அவன் ஏதோ சொல்ல, ஜாய்ஸ் குனிந்து இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் அவன் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினான். அவள் அண்ணாந்து குடித்தாள். உதட்டில் படாமல்தான் குடித்தாள். அதையும் கவனித்தேன்.

நான் நின்ற இடங்களில் அவள் அப்படிச் சிரித்தது கிடையாது. நான் இருந்தால் ஜீப்பில் தூங்குவாள், எழுந்தால் வேலை பார்ப்பாள். என்னிடம் பேச என்ன இருக்கிறது? ஒன்பது வருடம் அவள் எழும் நேரத்தில் நான் தூங்கப்போனவன்.

பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். ஷபானாவும் சுஜாதாவும் பின்சீட்டில், ஜாய்ஸ் முன்னால் ஷ்யாமுக்குப் பக்கத்தில். மாப்பிள்ளைப் பையன் நண்பர்களோடு வேறு காரில். ஈசிஆரில் தெற்கே கல்பாக்கம், டோல்கேட், அப்புறம் உப்பளம், முதலியார்குப்பம். நான் இரண்டு லாரி இடைவெளி விட்டுப் போனேன். அவ்வளவு தூரத்திலும் ஜாய்ஸின் கை தெரிந்தது. பேசும்போது அவள் கை ஆடும். அது ஒரு மணி நேரமும் ஆடிக்கொண்டே இருந்தது.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் கை தன் போனை எடுத்து என் எண்ணைத் தேட வேண்டும்.

கடப்பாக்கத்தில் மெயின் ரோட்டிலிருந்து ஆலம்பரை கோட்டைக்குப் பிரியும் வழி இருக்கிறது. அவர்கள் உள்ளே திரும்பினார்கள். நான் கொஞ்சம் தள்ளி, இளநீர்க் கடை ஒன்றின் பின்னால் புளியமரத்தடியில் நிறுத்தினேன். அங்கிருந்து கோட்டைக்குப் பத்து நிமிடம். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அந்தி வெயில் நாலரைக்கு மேல். அதற்குள் சுஜாதாவுக்கு முழுத் தலை அலங்காரம், பட்டுப்புடவை, புது மேக்கப். சுருள் போடும் இரும்பு, ஃபேன், கண்ணாடி விளக்கு எல்லாம் ஒன்றாக ஓடும். பேட்டரி தீரப்போகிறதென்று எத்தனை மணிக்கு இன்வெர்ட்டர் கூவ ஆரம்பிக்கும் என்று எனக்கு நானே பந்தயம் கட்டினேன்.

இரண்டு இருபத்தைந்துக்கு போன் வந்தது.

"எங்க கீற?" என்றாள் ஜாய்ஸ்.

"வூட்ல."

பின்னால் இன்வெர்ட்டர் கூவுவது கேட்டது. ஷபானா யாரிடமோ, ஃபேன்கூட இல்லையா என்று கேட்பதும் கேட்டது.

"கேரவன் செத்துடுச்சு. பாதி தலையில நிக்குது. எவ்ளோ நேரத்துல வருவ?"

"ஒண்ணரை மணி நேரம் ஆவும். இப்பதான் கெளம்பணும்."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்து நிமிடத்தில் போயிருக்கலாம். போனால், எப்படி வந்தாய் என்று கேட்பார்கள். செங்கல்பட்டில் இருப்பதாகச் சொன்னவன், செங்கல்பட்டிலிருந்து வர ஆகும் நேரத்தைக் கழித்தே தீர வேண்டும். இதை நான் முன்னாலேயே யோசிக்கவில்லை. என் பொய்க்குள் நானே மாட்டிக்கொண்டு, வேலை இல்லாமல், வெயிலில், ஒண்ணரை மணி நேரம். இரண்டு இளநீர் குடித்தேன். கடைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். காசைக் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.

அவள் திரும்பக் கூப்பிடுவாள், எங்கே வருகிறாய் என்று கெஞ்சுவாள் என்று நினைத்தேன். கூப்பிடவில்லை. மூன்று மணிக்கு நானே கூப்பிட்டேன்.

"படாளம் தாண்டிட்டேன்" என்றேன்.

"ம்" என்றாள்.

வழியில் நெரிசல் என்று சேர்த்துச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் வைத்துவிட்டாள்.

நாலு மணிக்குக் கோட்டைக்குப் போனேன். கேரவன் கதவு திறந்து கிடந்தது, உள்ளே யாரும் இல்லை. எஸ்யூவியில் ஏசியை ஓடவிட்டு, முன்சீட்டில் சுஜாதாவை உட்காரவைத்து, வெயில் மறைப்புப் பலகையிலிருக்கிற உள்ளங்கை அளவு கண்ணாடியில் ஜாய்ஸ் முகம் போட்டுக்கொண்டிருந்தாள். சுருள் போட முடியாததால் கூந்தலைப் பின்னி, பூவை நெருக்கமாகச் சுற்றியிருந்தாள். ஷ்யாம் வெளியே நின்று வெள்ளைப் பலகையைப் பிடித்து அவள் கைக்கு வெளிச்சம் திருப்பிக்கொண்டிருந்தான். அவன் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. இதையும் பார்த்து எனக்குப் பொறாமைதான் வந்தது. வேறு எதுவும் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பாவம் என்றோ, தப்பு என்றோ அந்த நிமிடத்தில் தோன்றவில்லை. அவள் வேலைக்கு வெளிச்சம் பிடிக்கிறான் என்றுதான் தோன்றியது.

ஜீப்பைக் கேரவனுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். கேபிளை எடுத்து மாட்டி, என்ஜினைக் கொஞ்சம் உறுமவிட்டேன். ரிலே டக்கென்று விழுந்தது. கால் மணி நேரத்தில் ஃபேன் சுற்றியது, கண்ணாடி பல்பெல்லாம் எரிந்தது. யாரும் கை தட்டவில்லை. ஜாய்ஸ் தலையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. பெண்ணின் கண்ணிமையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஷ்யாம்தான் வந்து என் தோளைத் தொட்டு, நல்ல நேரத்தில் வந்தாய் என்றான். நேராக ஷபானாவிடம் போய், தப்பு தன்னுடையது, தன் வண்டியில் எடுத்த லைன் சரியில்லை, ஜாய்ஸ் அக்காமேல் இதில் ஒன்றும் இல்லை, அன்றைய கேரவன் வாடகையைத் தானே கொடுத்துவிடுவதாகச் சொன்னான். நான் பக்கத்தில்தான் நின்றேன். என்ஜின் சத்தத்தில் கேட்காத மாதிரி இருந்தேன்.

படம் எடுத்து முடித்தார்கள். உடைந்த மதிலில் சுஜாதா சாய்ந்து நிற்க, பின்னால் காயல் தண்ணீர் செம்பு நிறத்தில் கிடந்தது. நன்றாகத்தான் வந்திருக்கும். கிளம்பும்போது ஷபானா ஜாய்ஸைத் தனியாகக் கூப்பிட்டாள். தனியாக என்றாலும் எனக்குக் கேட்கிற தூரம்தான்.

"உங்க கை வேலையில ஒரு குறையும் இல்ல ஜாய்ஸ். கார் சீட்ல உக்காந்து இப்படி முடிக்க வேற யாராலயும் ஆகாது. சீசன் முழுக்க நீங்களே பண்ணுங்க. ஆனா கேரவன் வேணாம். ஜெனரேட்டரோட ஒரு வேன் நாங்களே ஏற்பாடு பண்ணிடறோம். நீங்க பெட்டிய மட்டும் தூக்கிட்டு வந்தா போதும்."

ஜாய்ஸ் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? சேர்த்து வைத்ததையெல்லாம் போட்டு வாங்கிய கேரவனைத் திரும்பிப் பார்த்தாள். அதன் பக்கவாட்டில் அவள் பெயர் ரோஜா நிறத்தில் எழுதியிருந்தது. இன்னும் ஒரு வருடம்கூட ஆகவில்லை.

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கேரவனுக்குத்தான் வேலை இல்லை. கேரவன் இல்லையென்றால் இழுக்க ஆள் எதற்கு?

திரும்பும்போது கேரவனை ஜீப்பில் மாட்டினோம். ஜாய்ஸ் என் பக்கத்தில் ஏறினாள். எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம், அவன் வண்டியில் ஏறவில்லை என்று. செய்யூர்வரை அவள் எப்போதும் போலத் தூங்கவில்லை. செய்யூர் தாண்டியதும் தன் போனை எடுத்து எதையோ திறந்து, ஸ்டியரிங்குக்கு மேலே என் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

ஜீப்பின் எண். ஈசிஆர் டோல்கேட். ஃபாஸ்டாகில் கட்டணம் கழிக்கப்பட்டது. நேரம், பன்னிரண்டு நாற்பத்தொன்று.

நான் ஆலையில் இருந்த காலத்தில் உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அதனால் பாங்கு, காஸ், எல்லாவற்றுக்கும் அவள் எண்ணைத்தான் கொடுப்போம். அது பழக்கமாகி, ஜீப்புக்கு ஃபாஸ்டாக் வாங்கியபோதும் அவள் எண்ணையே கொடுத்தேன். செங்கல்பட்டிலிருந்து படாளம், மதுராந்தகம் வழியாக வந்திருந்தால் அந்த டோல்கேட்டைத் தொட்டிருக்கவே வேண்டாம்.

"இத பாத்துட்டுதான் உனக்கு போன் போட்டேன்" என்றாள். "பின்னாடியே வந்துகினு கீறான், சந்தேகத்துல வந்தாலும் வந்துட்டு போறான், கூப்ட்டா ஓடியாந்துருவான்னு நெனச்சேன். நீ வூட்லன்ன."

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"அவன் கூட எதுனா கீதுன்னு நெனச்சியா?"

"இல்ல" என்றேன். அது உண்மைதான். இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"அப்ப இன்னாத்துக்கு?"

"நீ அவன் கிட்ட சிரிக்கிற."

அவள் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள். "பேட்டரி நிக்கும்னு காலைலயே தெரியுமா உனக்கு?"

இதற்கும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அன்றைக்கு எத்தனையோ சொன்னேன், இன்னொன்று சொல்ல என்ன. ஆனால் அவள் கேட்ட விதத்தில், பதில் ஏற்கெனவே அவளிடம் இருந்தது. தெரியும் என்றேன்.

"வண்டிய ஓரம் கட்டு" என்றாள்.

ஓரம் கட்டினேன். ஷ்யாமின் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, போனை டாஷ்போர்டில் வைத்தாள். அவன் செய்யாத தப்புக்கு வாடகை கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறான், நீயே சொல் என்றாள். ஷ்யாம் எடுத்தான். மெல்லிய ஒயர், வோல்ட், காலையில் அவன் கேட்டது, நான் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரிக் கண்ணாடிக்கு வெளியே பார்த்துச் சொன்னேன். பதின்மூன்று மணி நேரம் தாமதம்.

"நெனச்சேன் அண்ணாத்த" என்றான் அவன். "நீ வந்து எங்க ரிப்பேருன்னு தேடவே இல்லையே. நேரா வந்து கேபிள மாட்டுன. அப்பவே தெரிஞ்சுது. ஷபானா மேடம் எதிர்ல கேட்டா அக்காவுக்குத்தான் அசிங்கம். அதான் விட்டேன்."

அவன் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டியிருப்பேன், இரண்டு பேரும் சமமாகியிருப்போம். என் மனைவியின் மானத்தை, அன்றைக்கு முழுக்க, அவன் யோசித்திருக்கிறான். நான் யோசிக்கவில்லை.

ஜாய்ஸ் குனிந்து போனிடம் பேசினாள். "வியாழக்கெழம வேலைக்கு நான் பஸ்லயே வந்துக்கறேன் ஷ்யாம். நீயும் கூப்ட்டு போவ வர வேணாம்."

"இல்லக்கா, வழிதானே..."

"வேணாம்பா" என்று வைத்துவிட்டாள்.

வீடு வந்து சேர்ந்ததும் கேரவனைக் கழற்றி, சக்கரத்துக்குக் கல் வைத்தேன். அவள் உள்ளே ஏறி பிரஷ்களையும் டப்பாக்களையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கினாள். சாப்பாடு போட்டாள். கத்தவில்லை, அழவில்லை. அடுத்த மூன்று நாளும் வீட்டில் தேவையான பேச்சு இருந்தது. உப்பு, தண்ணீர் லாரி, அவள் அம்மாவுக்கு மாத்திரை. அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. கேரவனைப் பார்க்க ஒருவன் வந்தான், மாமல்லபுரத்தில் ஜூஸ் கடை வைக்கப்போகிறானாம். அவனுக்கு வண்டியை ஜாய்ஸே சுற்றிக் காட்டினாள்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்னால் அவள் குளிக்கும் சத்தம் கேட்டது. எனக்கு அந்த நேரத்தில் எப்போதும் விழிப்புதான். கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டுப் போனாள். மாமல்லபுரம் பஸ் ஐந்து மணிக்கு. பஸ்ஸின் பின்னால் எவ்வளவு தூரம் விட்டுப் போனால் கண்ணில் படாது, டோல்கேட் வராத வழி எது, இறங்குகிற இடத்தில் அவளைக் கூட்டிப்போக யார் வந்து நிற்பார்கள் என்று யோசித்தேன். அவ்வளவு நடந்த பிறகும் யோசித்தேன். எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டு, ஜீப் சாவிக்காக ஆணியைத் தடவினேன்.

ஆணியில் சாவி இல்லை. ஃப்ரிட்ஜின்மேல் இல்லை. நேற்றுப் போட்ட பேன்ட்டில் இல்லை. கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். கடைசியில் அவளுக்கே போன் போட்டேன். பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது, கண்டக்டர் விசில் ஊதினான்.

"பையில கீது" என்றாள். "சாயங்காலம் தரேன். தூங்கு."